லேகாக் போகிறவர்களுக்கு: ஜன்னலைக் கடைசியில் பாருங்கள்

தஞ்சாவூரில் 35 ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவன் நான். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ, பெரிய கோயில் நந்திக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும் வெளியூர்க் குடும்பம் என்று கை சலிக்க எடுத்தாயிற்று. இப்போது கடை இல்லை. மகள் இங்கிலாந்தில், ஸ்விண்டனில் இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கிய இரண்டு கோடைகளில் மூன்று தடவை லேகாக் போய் வந்தேன். முதல் தடவை தப்பாகப் பார்த்தேன். இரண்டாம் தடவை பாதி சரி. மூன்றாம் தடவைதான் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் ஒரே தடவையில் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

லேகாக் என்பது வில்ட்ஷயரில் ஒரு சிறு கிராமம். அதன் ஓரத்தில் ஒரு பழைய மடம். 1232-இல் சாலிஸ்பரி கோமாட்டி ஏலா கன்னியாஸ்திரீகளுக்காக நிறுவியது. எட்டாம் ஹென்றி நாட்டிலுள்ள மடங்களையெல்லாம் மூடியபோது, 1539-இல் இதுவும் மூடப்பட்டது. ஷாரிங்டன் என்ற பணக்காரர் வாங்கி மாளிகையாக்கினார். கன்னியர் நடந்த சுற்றுத் தாழ்வாரம் கீழே அப்படியே இருக்க, அதன் தலைமேல் பிரபு வீடு ஏறி உட்கார்ந்துகொண்டது. கொடிவழியாக அது டால்பட் குடும்பத்துக்கு வந்தது. 1800-இல் பிறந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் இந்த வீட்டில் இருந்துகொண்டுதான் காகித நெகட்டிவ் முறையை, அதாவது வெளிச்சமான இடம் கறுப்பாகவும் இருண்ட இடம் வெளுப்பாகவும் காகிதத்தில் பதியும் முறையை, கண்டுபிடித்தார். 1944-இல் அவருடைய பேத்தி மட்டில்டா மாளிகையையும் கிராமத்தையும் சேர்த்து, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். மட வாசலுக்கு அருகே இருந்த பழைய களஞ்சியம் 1975-இல் புகைப்பட அருங்காட்சியகம் ஆனது.

போவதற்கு முன் ஒரு தவறான நினைப்பைக் கழற்றிவைத்துவிடுங்கள். "உலகத்தின் முதல் போட்டோ எடுத்த இடம்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என் மருமகனும் அப்படித்தான் சொல்லி என்னை அழைத்துப்போனார். அது சரியல்ல. பிரான்சில் நியப்ஸ் என்பவர் 1826-இலோ 1827-இலோ தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சியை ஓர் உலோகத் தகட்டில் பதித்துவிட்டார். லேகாக்கின் பெருமை வேறு. கேமராவால் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது இந்த வீட்டு ஜன்னல் ஒன்றின் படம். ஆகஸ்ட் 1835. தகட்டில் எடுத்தால் ஒரு படம்தான். அது போனால் போனது. நெகட்டிவ் இருந்தால் எத்தனை பிரின்ட் வேண்டுமானாலும் போடலாம். என் 35 ஆண்டுச் சோறு அந்த வித்தியாசத்தில்தான் வெந்தது.

லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் சிப்பன்ஹாம். அங்கிருந்து லேகாக் தெற்கே சுமார் 5 கிலோமீட்டர். பஸ் உண்டு; ஆனால் நம் ஊர் டவுன் பஸ் மாதிரி நினைத்துக்கொண்டு நின்றால் கால் கடுக்கும். திரும்பும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கார் வைத்திருக்கும் உறவினர் யாரையாவது பிடிப்பதே உத்தமம். நேஷனல் டிரஸ்டில் உறுப்பினராக இருந்தால் நுழைவு டிக்கெட்டும் கார் நிறுத்தும் காசும் மிச்சம். தோட்டம், தாழ்வாரம், களஞ்சிய அருங்காட்சியகம், மாளிகையின் மாடி அறைகள் ஆகியவை திறக்கும் நேரம் எல்லாம் ஒன்று போல இருக்காது, பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். புறப்படும் அன்று காலையிலேயே, மாடி அறைகள் அன்றைக்கு எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். நீங்கள் தேடிப்போகும் ஜன்னல் மாடியில் இருக்கிறது.

நான் முதல் தடவை செய்த தப்பு இதுதான்: மத்தியானம் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு மூன்றரை மணிக்கு உள்ளே நுழைந்தேன். நேரே மாடிக்கு ஓடினேன். ஜன்னலுக்கு முன்னால் நின்று போனில் மூன்று படம் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து, களஞ்சியத்தில் பத்து நிமிடம் கண்ணோட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒரு ஜன்னலின் படம் இருந்தது. அவ்வளவுதான். யார் வீட்டு ஜன்னலாகவும் இருக்கலாம்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் களஞ்சியம், பிறகு வெளிப் புல்வெளி, கடைசியில் மாடி ஜன்னல். நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்தரை, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால், ஜன்னலுக்கு முன் நிற்கும்போது உச்சிப்பொழுது கடந்து வெளிச்சம் நன்றாக இருக்கும். அந்த ஜன்னல் தெற்குப் பார்த்தது.

களஞ்சியத்தில் கீழ்த்தளம் சரித்திரம். மேல்தளத்தில் கூரை உத்தரங்களுக்கு அடியில் மாறிமாறி நடக்கும் கண்காட்சிகள். மேல்தளத்தில் நீங்கள் போகும் அன்று என்ன இருக்குமோ, அது உங்கள் அதிர்ஷ்டம். கீழ்த்தளத்தில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். அங்கே மூன்று விஷயங்களை மனதில் ஏற்றிக்கொண்டால் போதும்: டால்பட்டுக்கு வரைய வராது, பெட்டி சின்னது, உப்பு.

வரைய வராதது தேனிலவில் தெரிந்தது. 1833 அக்டோபரில் இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து, பார்ப்பதைக் காகிதத்தில் விழவைக்கும் ஒரு கண்ணாடிக் கருவியின் உதவியோடு ஏரியை வரையப் பார்த்தார். கருவி காட்டியது; கைதான் ஒத்துழைக்கவில்லை. இந்த உருவம் தானாகவே காகிதத்தில் ஒட்டிக்கொண்டால் என்ன என்று அப்போது தோன்றியதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். எனக்கு இது மிகவும் பிடித்த சங்கதி. எங்கள் தொழிலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் டிராயிங் வகுப்பில் தோற்றவர்கள்தான்.

பெட்டியைப் பற்றி: 1835-இல் அவர் பயன்படுத்தியவை இரண்டு மூன்று அங்குல மரப்பெட்டிகள். ஒரு பக்கம் லென்ஸ், எதிர்ப்பக்கம் உள்ளே மருந்து தடவிய காகிதத் துண்டு. வீட்டைச் சுற்றி அவற்றை வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் அந்த ஆண்டு எழுதிய ஒரு கடிதத்தில் அவற்றை எலிப்பொறிகள் என்றே குறிப்பிடுகிறார். அந்த மாதிரிப் பெட்டியைப் பார்க்கும்போது உள்ளங்கையை அதன் அருகே நீட்டி அளவு பாருங்கள். என் கடையில் இருந்த மர ஃபீல்டு கேமராவைத் தூக்க இரண்டு கை வேண்டும். இதை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு போகலாம். பெட்டி ஏன் அவ்வளவு சின்னது? காகிதம் மந்தமானது, பெரிய பெட்டியில் வெளிச்சம் பரவி நீர்த்துப் போகிறது. சின்னப் பெட்டியில் குறுகிய தூரத்து லென்ஸ் வைத்தால் உருவம் சிறிதாகும், ஆனால் காரமாக விழும். சாறு வற்றினால் ருசி ஏறுகிற மாதிரிதான்.

இப்போது உப்பு. இங்கேதான் அவசரப்படாமல் நிற்க வேண்டும். சாப்பாட்டு உப்புக் கரைசலில் காகிதத்தை நனைத்துக் காயவைத்து, அதன்மேல் சில்வர் நைட்ரேட் தடவினால் வெள்ளி குளோரைடு உண்டாகும். அது வெயில் பட்டால் கறுக்கும். இதுவரை அன்றைக்கே பலருக்கும் தெரியும். டால்பட் கவனித்தது வேறு ஒன்று. ஒரே காகிதத்தில் சில இடம் சீக்கிரம் கறுத்தது, சில இடம் தாமதித்தது. ஏன் என்று தோண்டியபோது, உப்புக் குறைவாக ஏறிய ஓரங்கள்தான் சீக்கிரம் கறுக்கின்றன என்று தெரிந்தது. அப்படியானால் உப்பைக் கூட்டினால்? கறுப்பதே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆக, கொஞ்சம் உப்பு போட்டால் படம் விழுகிறது. படம் விழுந்த பிறகு நிறைய உப்பில் போட்டால் அது மேலும் கறுக்காமல் நிற்கிறது. உண்டாக்குவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே உப்பு. ரசத்துக்கு உப்பு போடத் தெரிந்த எந்த வீட்டிலும் புரிந்துகொள்ளக்கூடிய கண்டுபிடிப்பு இது.

உப்பு நிறுத்தும், ஆனால் முழுதாக நிறுத்தாது. நாளடைவில் படம் மங்கும். 1839 ஜனவரி 7-ஆம் தேதி பாரிசில் டாகேர் என்பவரின் உலோகத் தகட்டுப்பட முறையை அறிவித்ததும் டால்பட் பதறிப்போய், ஜனவரி 25 அன்று லண்டனில் தன்னுடைய படங்களைக் காட்சிக்கு வைத்தார். அவருடைய நண்பர் ஜான் ஹெர்ஷல் அப்போதுதான், கறுக்காமல் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ என்ற மருந்தைக் கையில் கொடுத்தார். வெள்ளி உப்புகளை ஹைப்போ கரைக்கும் என்று ஹெர்ஷலுக்கு 1819-இலேயே தெரியும்; இருபது ஆண்டுகள் அது யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. எங்கள் ஊரில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடி, சட்டைக் காலரில் ஊறி வீட்டுக்கும் கூடவே வந்து என் மனைவியிடம் ஏச்சு வாங்கித் தந்த அந்த நெடி, அந்த ஹைப்போவினுடையதுதான். களஞ்சியத்தில் ஹெர்ஷல் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கையைத் தூக்கிக் கும்பிடத் தோன்றியது. பக்கத்தில் ஆள் இருந்ததால் விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 1840 செப்டம்பரில் டால்பட், கொஞ்ச நேரமே வெளிச்சம் காட்டிய வெற்றுக் காகிதத்தில், கண்ணுக்குத் தெரியாமல் படம் ஒளிந்திருக்கிறது என்றும், காலிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் கலந்து தடவினால் அது வெளியே வரும் என்றும் கண்டார். டெவலப்பர் என்று நாங்கள் சொன்னதன் ஆதி அதுதான். இந்த முறைக்குக் கேலோடைப் என்று பெயர். காகித நெகட்டிவுக்கு மெழுகு ஏற்றிப் பயன்படுத்தும் வழக்கம் கொஞ்ச காலத்தில் வந்தது. அந்த மெழுகுக் காகிதத்தைக் கொண்டுதான் கேப்டன் லின்னியஸ் டிரைப் என்பவர், சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக, 1858-இல் எங்கள் பெரிய கோயிலைப் படமெடுத்தார். கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 நெகட்டிவ்களாக எடுத்து ஒட்டினார்; நீளம் ஏறத்தாழ 19 அடி. அன்றைக்கு இருந்த இன்னொரு முறையில், மருந்து ஈரமாக இருக்கும்போதே படமெடுக்க வேண்டிய கண்ணாடித் தகடு எங்கள் வெயிலில் நொடியில் காய்ந்துவிடும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். இன்னொரு விஷயம்: மொட்டையாக விழுந்த வானத்தில் டிரைப் நெகட்டிவ்மேல் தூரிகையால் மேகம் வரைவார். டச்சிங்! கல்யாணப் பெண்ணின் முகப்பருவை நெகட்டிவில் பென்சிலால் மறைத்தே எனக்குக் கண் மங்கியது. அவரையும் எங்கள் ஜாதியில் சேர்த்துக்கொண்டேன்.

களஞ்சியத்திலிருந்து வெளியே வந்ததும் மாளிகைக்குள் போகாதீர்கள். சுற்றிக்கொண்டு தெற்குப் புல்வெளிக்குப் போங்கள். சுவரில் வெளியே துருத்திக்கொண்டு மூன்று ஜன்னல்கள் தெரியும். நடுவில் இருக்கும் சின்னதுதான் நமது ஜன்னல். அங்கே, வீட்டைப் பார்த்தபடி, அரை மணி நேரம் உட்காருங்கள். புல்லில் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஏன் அரை மணி? பெட்டிகளை வீட்டுக்கு எதிரே வைத்துவிட்டு, அரை மணி கழித்து அவற்றைச் சேகரித்து உள்ளே கொண்டுபோய்த் திறந்ததாக டால்பட் எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் படம் இருந்ததாம். தன் உருவத்தைத் தானே வரைந்துகொண்ட முதல் கட்டடம் இந்த வீடுதான் என்று 1839-இல் அவர் பெருமைப்பட்டார். நியப்ஸ் எடுத்தது அப்போது அவருக்குத் தெரியாது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அந்த அரை மணியில் நான் கண்டதைச் சொல்கிறேன். மேகம் ஏழு தடவை சூரியனை மறைத்தது. இரண்டு பேர் நாயோடு குறுக்கே போனார்கள். ஒரு தோட்டக்காரர் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துப்போனார். அரை மணி நேரமும் அசையாமல் இருப்பதுதான் எலிப்பொறியில் தெளிவாகப் பதியும்; இவற்றில் எதுவும் விழுந்திருக்காது. நாயும் விழாது, தோட்டக்காரரும் விழமாட்டார், வண்டி ஒருவேளை மங்கலாக விழலாம். சுவரும் ஜன்னலும் மட்டும் மிஞ்சும். பழைய படங்களில் தெருக்கள் ஏன் காலியாக இருக்கின்றன என்று பேத்தி அன்று கேட்டாள். "இப்போது குறுக்கே ஓடு" என்றேன். ஓடினாள். "நீ படத்தில் இல்லை" என்றேன். கோபித்துக்கொண்டாள்.

சாப்பாட்டை இந்த இடத்தில் முடித்துக்கொள்ளலாம். கிராமத்தில் சாப்பிட இடம் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: லார்டி கேக் என்று இந்தப் பக்கத்தின் பெயர்போன இனிப்பு ஒன்று, பார்க்க நம் பன் மாதிரிப் பளபளப்பாக இருக்கும். அது பன்றிக்கொழுப்பில் செய்தது. நாங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போயிருந்தோம்.

சாப்பிட்ட பின் மாளிகை. கீழே சுற்றுத் தாழ்வாரத்தில் நெரிசலாக இருக்கலாம். மந்திரப் பள்ளிக்கூடத்துத் திரைப்படங்களின் காட்சிகள் சில இங்கே எடுக்கப்பட்டதால், பிள்ளைகள் கறுப்பு அங்கியும் கையில் கோலுமாக வருகிறார்கள். அவர்களைத் திட்டாதீர்கள், தூணோடு தூணாக நின்று, வளைவுகள் கூரையில் சேரும் இடத்தைப் பாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் மட்டும் வருவதால் முகம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. உங்கள் கூட வந்தவரை வளைவுக்கு மூன்று அடி உள்ளே, பாதி முகம் முற்றத்தைப் பார்க்க நிறுத்துங்கள். எந்த ஸ்டூடியோ விளக்கும் இப்படி விழாது. உள்ளே எங்கும் ஃபிளாஷ் போடக் கூடாது, ஸ்டாண்டும் கூடாது. போடச் சொன்னாலும் போடாதீர்கள் என்பேன். பெரிய கூடத்தில் சுவரில் சுட்டமண் உருவங்கள் இருக்கும். ஓர் ஆட்டின் மூக்கில் சர்க்கரைக் கட்டி வைத்திருப்பதைத் தேடச் சொல்லிப் பிள்ளைகளை விட்டுவிட்டு, நீங்கள் நமது ஜன்னல் இருக்கும் தெற்கு மாடி அறைக்கு நழுவிவிடலாம்.

ஜன்னல் சின்னதுதான் என்று முன்பே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஈயப் பட்டைகளால் சாய்சதுரம் சாய்சதுரமாகக் கோத்த கண்ணாடிச் சில்லுகள். படம் எடுத்த புதிதில் சுமார் 200 சில்லுகளை லென்ஸ் வைத்து எண்ணக்கூடியதாக இருந்தது என்று டால்பட் அந்த நெகட்டிவின் அருகே குறித்து வைத்தார். நெகட்டிவ் எவ்வளவு பெரியது? ஒரு தபால்தலை அளவு. மூலப் படம் இங்கே இல்லை. அது நாட்டு அருங்காட்சியகச் சேகரிப்பில், இருட்டில் பத்திரமாக இருக்கிறது. வெளிச்சம் பட்டால் கரைந்துவிடும் பொருளை இருட்டில் வைப்பதுதான் முறை. ஆகவே போகும் முன் அதன் படத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு, அங்கே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஊதா படர்ந்த காகிதத்தில் கண்ணாடிகள் இருண்டும், ஈயக் கோடுகள் வெளிறியும் இருக்கும்.

இதில் பேத்தி கண்டுபிடித்த ஒரு வித்தை இருக்கிறது. போனின் அமைப்புகளில், பார்வைக் குறைவுள்ளவர்களுக்கான பகுதியில், நிறங்களைத் தலைகீழாக்கும் வசதி உண்டு. அதை இயக்கிவிட்டுக் கேமராவைத் திறந்து ஜன்னலை நோக்கிப் பிடியுங்கள். திரையில் வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். வெளியே புல்வெளி வெயிலில் கொளுத்திக்கொண்டிருக்க, கண்ணாடிச் சில்லுகள் திரையில் இருண்டு, ஈயக் கோடுகள் ஒளி கொண்டு எழும். 35 ஆண்டுகள் நெகட்டிவைத் தலைகீழாகவே படித்துப் பழகியவன் நான். கறுத்த நெற்றியைப் பார்த்தே இது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்வேன். ஆனால் நேரே எதிரில் இருக்கும் ஒரு பொருளே நெகட்டிவாக நின்றதைப் பார்த்தது அன்றுதான். போனைக் கீழே இறக்கினேன், ஜன்னல். தூக்கினேன், நெகட்டிவ். பத்துப் பதினைந்து தடவை இப்படியே செய்துகொண்டிருந்தேன். சில்லுகளை எண்ணவும் பார்த்தேன். 160-ஐத் தாண்டியதும் கணக்கு தப்பியது.

அங்கே நிற்கும்போது எனக்கு வந்த நினைப்பு நல்லதல்ல. 2009-இல் கடையை மூடியபோது என்னிடம் நெகட்டிவ்கள் அலமாரி அலமாரியாக இருந்தன, ஒவ்வொன்றும் காகித உறையில், உறையின்மேல் எண். வாடகை இடத்தைக் காலி செய்ய வேண்டும். பழைய ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுக்கிறவர் ஒருவர் வந்தார். எடைக்குப் போட்டேன். ஐந்தாறு மாதம் கழித்து ஓர் அம்மாள் வீடு தேடி வந்தார். கையில் என் கடை ரசீது, மஞ்சள் பூத்தது, 1986-இல் போட்டது. கணவர் இறந்துவிட்டார், வீட்டிலிருந்த படம் மழையில் ஊறிப்போய்விட்டது. "அண்ணே, நம்பர் இருக்கிறது. நெகட்டிவ் இருக்கும் அல்லவா?" என்றார். ரசீதின் அடியில் அச்சடித்திருந்ததை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்: நெகட்டிவ்கள் எப்போதும் பாதுகாப்பாக வைக்கப்படும். நான் இல்லை என்றேன். அவர் ரசீதை மடித்து, திரும்பவும் பர்சிலேயே வைத்துக்கொண்டு போனார். அதை ஏன் பத்திரப்படுத்தினார் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

சரி, வழிக்கு வருவோம். ஜன்னலைப் பார்த்ததும் உடனே கிளம்பலாம். அதற்குமேல் மாளிகையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்றுமில்லை. நேரம் இருந்தால் கிராமத்தின் நான்கு தெருக்களையும் ஒரு சுற்று நடங்கள். தெருவில் மின்கம்பியோ தொலைக்காட்சி ஆன்டெனாவோ கண்ணில் படாதபடி மறைத்திருப்பதால், கார்கள் இல்லாத அதிகாலை நேரம் படமெடுப்பவர்களுக்கு நல்லது. டால்பட் 1877-இல் இங்கேயே இறந்தார், கிராமத்துக் கல்லறையிலேயே இருக்கிறார்.

பார்த்ததைக் கையால் ஒரு தடவை செய்தால்தான் உடம்பில் ஒட்டும். மகள் வீட்டுக் கொல்லையில் நான் செய்த முறையைச் சொல்கிறேன். இதற்குக் கேமரா வேண்டாம். ஓர் இலை போதும். டால்பட்டும் இலையில்தான் தொடங்கினார்.

வழவழப்பான நீர்வண்ண ஓவியக் காகிதம் வாங்கிக்கொள்ளுங்கள். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் உப்பு, அயோடின் கலக்காதது. காகிதத்தை அதில் ஐந்து நிமிடம் ஊறவைத்துக் கொடியில் காயப்போடுங்கள். உலர்ந்ததும் எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்று பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் மங்கல் அறையில் தடுமாறுவீர்கள். இரவில், மஞ்சள் சிறு விளக்கு மட்டும் எரிய, 25 மில்லி வாலை வடிநீரில் 3 கிராம் சில்வர் நைட்ரேட் கரைத்து, நல்ல பக்கத்தில் தூரிகையால் ஒருமுறை குறுக்கே, ஒருமுறை நெடுக்கே தடவுங்கள். உலோகப் பட்டை இல்லாத தூரிகையாக இருக்க வேண்டும். உலோகம் பட்டால் மருந்து கெடும். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சில்வர் நைட்ரேட் கண்ணில் பட்டால் ஆபத்து, தோலில் பட்டால் கறுப்பு ஒரு வாரத்துக்குப் போகாது. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். இலை பொறுக்கும் வேலையைக் கொடுங்கள்.

இருட்டிலேயே உலரவிட்டு, மறுநாள் அதன்மேல் இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வையுங்கள். எந்த இலை என்பது முக்கியம். நான் ஆசையாகக் கறிவேப்பிலை வைத்தேன். தடித்த இலை, வெறும் நிழலுருவம்தான் விழுந்தது. கொத்தமல்லி வைத்தபோது ஒவ்வொரு நரம்பும் வந்தது. தஞ்சாவூர் வெயிலில் பத்து நிமிடம் போதும்; ஸ்விண்டனின் ஜூலைக்கு அரை மணி ஆயிற்று. காகிதம் முதலில் இளஞ்சிவப்பாகி, ஊதாவாகி, சாக்லேட் நிறத்துக்கு வரும். நீங்கள் விரும்பும் நிறத்தைவிட இரண்டு படி கூடுதலாகக் கறுக்க விடுங்கள், ஏனென்றால் ஹைப்போவில் வெளிறும்.

பிறகு மங்கல் வெளிச்சத்தில் உப்புத் தண்ணீரில் அலசி, 100 மில்லிக்கு 10 கிராம் வீதம் கரைத்த ஹைப்போவில் ஐந்து நிமிடம். நிறம் செம்பழுப்பாக ஓடும். பயப்பட வேண்டாம், காய்ந்ததும் கொஞ்சம் மீளும். ஓடும் தண்ணீரில் அரை மணி நேரமாவது கழுவுங்கள். கழுவாத ஹைப்போ படத்தைத் தின்றுவிடும். நான் பார்த்த மஞ்சளித்த படங்களில் பெரும்பாலானவை அவசரக்காரன் கழுவியவை. டால்பட் மாதிரியே செய்து பார்க்க ஆசையானால் ஒன்றை மட்டும் ஹைப்போவில் போடாமல் கெட்டி உப்புக் கரைசலில் போட்டு எடுங்கள். ஊதா நிறம் அழகாக நிற்கும். அதை வெளிச்சத்தில் மாட்டாதீர்கள். புத்தகத்துக்குள் வைத்து, யாருக்காவது காட்ட வேண்டுமானால் திறந்து, காட்டி, மூடுங்கள்.

காய்ந்த படத்தை நெகட்டிவாக வைத்துக்கொண்டு, அதே மருந்து தடவிய இன்னொரு காகிதத்தின்மேல் முகத்தோடு முகம் சேர்த்து வெயிலில் வைத்தால் பாசிட்டிவ் வரும். வெள்ளை இலை கறுப்பு இலையாகும். இரண்டையும் தனித்தனி உறையில் போடுங்கள். உறையின்மேல் தேதியும் எண்ணும் பென்சிலால் எழுதுங்கள், காகிதத்தை உள்ளே வைப்பதற்கு முன்னாலேயே. பேனா மை ஊறும்.